பெலாரஸ் பட்டமும் உப்புவெளி வரவேற்பு மேசையும்

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளிக் கடற்கரையில் ரஷ்ய உல்லாசப் பயணிகள் அதிகம் வந்து தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தவர் ஒரு வைத்தியர். பெயர் அஞ்சலினா. பெலாரஸ் நாட்டில் ஆறு வருடம் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். ஆனால் இலங்கையில் அவர் ஒருவருக்குப் பனடோல் மாத்திரைகூட எழுதிக் கொடுக்க முடியாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே தொழில் செய்வதற்கு முன் ஒரு பதிவுப் பரீட்சையில் தேற வேண்டும். அதன் எழுத்துப் பகுதியில் அவர் முதல் தடவையே தேறியிருந்தார். நோயாளியோடு பேசி, சோதித்து, நோயைச் சொல்லும் செய்முறைப் பகுதியில் இரண்டு தடவை தவறியிருந்தார்.

ஊருக்கு இதெல்லாம் விளங்குவதில்லை. அவர் பட்டத்தோடு வந்திறங்கிய கிழமையே இளைஞர் கழகம் சந்தியில் பனர் கட்டிவிட்டது. அதில் அஞ்சலினா வெள்ளைக் கோட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பூசை முடிவில் பாதர் பெயர் சொல்லி வாழ்த்தினார். அடுத்த நாள் விடிய, எக்ஸ்றே உறையோடு ஒருவர் கேற்றடியில் நின்றார். தபாற்கந்தோரில் வேலை செய்யும் தாய் கிறேஸ்தான் போய்ப் பேசினார்.

“பிள்ளை இன்னும் இங்க பதியேல்லை அண்ணை. மருந்து எழுத ஏலாது.”

“அப்ப என்னத்துக்கு பனர் கட்டினவங்கள்?”

கிறேஸ் கேற்றைச் சாத்திவிட்டுக் கந்தோருக்குக் கிளம்பினார்.

அஞ்சலினாவோடு உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்திலும், ஒருவர் பங்களாதேஷிலும், இன்னொருவர் சீனாவிலும் மருத்துவம் படித்தார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவர்கள்தான் விமானம் ஏறினார்கள். உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்பதால் பாடப்புத்தகமும் ஏறக்குறைய ஒன்றுதான். பெலாரஸில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. வார்டில் இருந்த நோயாளிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அஞ்சலினா நெஞ்சு நோவைப் பற்றியும் மூட்டு வீக்கத்தைப் பற்றியும் கேட்கப் பழகியது ரஷ்ய மொழியில். அந்த மொழிதான் அவருக்கு உப்புவெளியில் வேலை எடுத்துக் கொடுத்தது.

விடுதி உரிமையாளர் ஜவாஹிர் மூதூர்க்காரர். “அம்மா உன்னய டொக்டராக்கப் படிக்க அனுப்பினா. பலன் எனக்கு வந்திருக்கு புள்ள,” என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். அந்த வருடம் மார்ச்சில் அவர் சிரிக்காமலே ஒன்று கேட்டார். மே மாதம் சீசன் தொடங்கும்போது விடுதிக்கு நிரந்தர மனேஜர் வேண்டும், அஞ்சலினா வருவாரா? பரீட்சை ஏப்ரல் கடைசியில் இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது கிறேஸ் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

“இந்த முறை எழுது. சரிவரேல்லையெண்டால் அந்த வேலைய எடு. வாற சனத்துக்கு மறுமொழி சொல்ல இனி என்னால ஏலாது பிள்ளை.”

அஞ்சலினா “ஓம்” என்றார். மூன்றாவது தடவைதான் கடைசி என்று அன்றே முடிவாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து விடுதியில் தங்கியிருந்த ஒரு ரஷ்யருக்கு வயிற்று வலி எடுத்தது. நண்டுக் கறியை மூன்று வேளையும் சாப்பிட்டு வந்தவர். அஞ்சலினா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மொழிபெயர்த்தார். இளம் டொக்டர் ஒரு கேள்வி கேட்க, அஞ்சலினா நான்கு கேள்வி கேட்டார்.

“நான் கேட்டது ஒண்டு, நீங்கள் கேட்டது கனக்க,” என்றார் டொக்டர்.

“சொறி டொக்டர். பழக்கம்.”

“எங்க பழகினனீங்கள்?”

“பெலாரஸில.”

டொக்டர் ஊசி போட்டு ரஷ்யரைப் படுக்கவைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். அதில் தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு விவசாயி இருந்தார், பக்கத்தில் மனைவி.

“என்ன செய்யுது ஐயா?”

“ஒண்டுமில்லைத் தம்பி. இவதான் இழுத்துக்கொண்டு வந்தவ.”

டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “அவ சும்மா இழுத்துக்கொண்டு வரமாட்டாவே. என்ன நடந்தது?”

விவசாயி யானையில் தொடங்கினார். வயலுக்குள் யானை இறங்கியது, வெடி கொளுத்தப் போனது, மச்சான் வெடியை நனைய வைத்திருந்தது, வரம்பால் ஓடியது எல்லாம் சொன்னார்.

“மச்சானைக் குறை சொல்லாமல் விசயத்தைச் சொல்லுங்கோ,” என்றார் மனைவி.

“சொல்லத்தானே போறன். வரம்பில பாதியில நிண்டுட்டன் தம்பி. இஞ்சால நெஞ்சைப் பிடிச்சு அமத்தின மாதிரி.”

அஞ்சலினா ரஷ்யரின் கட்டிலடியில் நின்று இதைக் கேட்டார். முதல் தடவை கொழும்பில் பரீட்சைக்குப் போனபோது அவருக்குக் கொடுத்த நோயாளி ஒரு சிங்களப் பெரியவர். நெஞ்சு நோ இருக்கிறதா என்று கேட்டதும், “முகுத் நே” என்று கையை விரித்தார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அஞ்சலினா அதை நம்பி அடுத்த கேள்விக்குப் போனார். அந்த மனிதர் வார்டில் படுத்திருந்ததே நெஞ்சு நோவுக்காகத்தான். பெலாரஸ் நோயாளிகள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வார்கள். இங்கேயோ, ஒரு படித்த பிள்ளை கேட்டால், அதைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். இரண்டாவது தடவை வந்த பெண் கதை சொல்லத் தொடங்கியபோது, நேரம் போகிறது என்று அஞ்சலினா இடைமறித்திருந்தார்.

இதைத் திருத்தப் புத்தகம் கிடையாது. அஞ்சலினா கண்டுபிடித்த வழி தர்சிகாவுக்குச் சிரிப்பாக இருந்தது. தர்சிகா பள்ளித் தோழி; உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் புவியியல் சிறப்புப் பட்டம் பெற்று, அரச நியமனத்துக்கு நாலு வருடம் காத்திருந்து, இப்போது கந்தளாயில் ஒரு கந்தோருக்குப் போய் வருபவர்.

“நோயாளி ஆகப் போறியோ?”

“ஆஸ்பத்திரியில வெளிநோயாளர் வாங்கில இருந்து சனம் கதைக்கிறதைக் கேக்கப் போறன். கந்தளாயில சிங்களச் சனம்தானே கூட.”

“நான் மலையளைப் பற்றிப் படிச்சுப்போட்டுக் கந்தோரில தென்னங்கண்டு குடுக்கிறன். நீ டொக்டருக்குப் படிச்சுப்போட்டு நம்பர் எடு. நல்ல சோடி.”

விடுதியில் பிற்பகல் வேலைமுறை கேட்டு வாங்கிக்கொண்டு, காலை பஸ்ஸில் இருவரும் சேர்ந்து போனார்கள். அஞ்சலினா வாங்கில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவர்களோடு கதைத்தார். அவருடைய சிங்களம் சந்தைச் சிங்களம். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. டொக்டரிடம் ஒரு வசனத்தில் சொல்லப்போகும் நோயை வாங்கில் இருந்தவர்கள் அரை மணித்தியாலம் சொன்னார்கள். மகளின் வீட்டுக்குப் போனது, படி ஏறியது, இரவு பலாப்பழம் சாப்பிட்டது, அதற்குப் பிறகுதான் வலி. நோய் எப்போதும் கதையின் பின்பாதியில் வந்தது.

சில நாளில் தமிழ் தெரிந்த பெண் ஊழியர் ஒருவர் அருகில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒவ்வொரு நாளும் வாறீங்கள், டொக்டரைக் காணாமல் போறீங்கள். என்ன வருத்தம்?”

“ஒண்டுமில்லை அக்கா.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. பயப்படாமல் உள்ளுக்குப் போங்கோ.”

அன்று அவர் விட்டபாடில்லை. அஞ்சலினா உள்ளே போய், தலையிடி என்று சொல்லி, குளிசை வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் காலை பஸ்ஸில் தர்சிகா அந்தக் குளிசைப் பக்கற்றைப் பார்த்துப் பார்த்துத் தம்பலகாமம் வரைக்கும் சிரித்தார்.

கொழும்பில் மூன்றாவது தடவை அவருக்குக் கிடைத்த நோயாளி ஒரு சிங்கள அம்மா. என்ன செய்கிறது என்று கேட்டதும் அதே “முகுத் நே” வந்தது. அஞ்சலினா கேள்வியை மாற்றினார். உங்களை இங்கே கூட்டி வந்தது யார்? மகன் என்றார் அம்மா. மகன் ஏன் பயந்தார்? அதற்குப் பிறகு அந்த அம்மா விகாரைக்குப் பூத்தட்டோடு போனதிலிருந்து தொடங்கினார். பூ வாங்கிய இடம் வந்தது. மருமகள் கூட வராதது வந்தது. பரீட்சகர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். அஞ்சலினா இடைமறிக்கவில்லை. படிக்கட்டின் நடுவில் மூச்சு எடுக்க முடியாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு இருந்ததை அம்மா சொன்ன பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். நோயைச் சொன்னார். இதயம் பலவீனமானால் வரும் கால் வீக்கத்தைப் பார்க்க முன்பே மணி அடித்துவிட்டது.

“முழுக்கச் செய்து முடிக்கேல்லை,” என்று தாய்க்குத் தொலைபேசியில் சொன்னார். திரும்பி வந்து ஜவாஹிரிடம் மனேஜர் வேலைக்கு ஓம் என்றும் சொல்லிவிட்டார்.

ஜூனில் முடிவு வந்தது. மட்டுமட்டான புள்ளியில் தேறியிருந்தார். கிறேஸ் கந்தோரில் இருந்த எல்லோருக்கும் தேநீரோடு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். இளைஞர் கழகம் பழைய பனரையே திரும்பவும் கட்டலாமா என்று கேட்டது, தாயும் மகளும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஆனாலும் ஆஸ்பத்திரி ஒன்றில் உள்ளகப் பயிற்சிக்கு நியமனம் வரும்வரை வைத்தியர் வைத்தியராக முடியாது. அந்தச் சீசன் முழுவதும் அஞ்சலினா மனேஜராக இருந்தார். தை மாதம் நியமனம் வந்தது, சிங்களவர் அதிகம் வாழும் பொலன்னறுவைக்கு. வீட்டார் எதிர்பார்த்தது திருகோணமலையை. அஞ்சலினா எதிர்ப்புச் சொல்லாமல் பெட்டியை அடுக்கினார்.

ஜவாஹிர் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் போட்டார்: ரஷ்ய மொழி தெரிந்த மனேஜர் தேவை. இருவர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் கிர்கிஸ்தானில் படித்த மட்டக்களப்புப் பெண். மற்றவர் ரஷ்யாவில் படித்த கிண்ணியா நிப்றாஸ். இருவரும் மருத்துவப் பட்டதாரிகள். நேர்முகத்துக்கு முதலில் வந்தவர் நிப்றாஸ். சான்றிதழ்களைக் கோப்போடு நீட்டினார். ஜவாஹிர் அதைத் திறக்கவில்லை.

“பரீட்சை எப்ப தம்பி?”

“ஒக்டோபரில.”

“அப்ப சீசன் முடிஞ்சிரும். நாளைக்கே வாங்க.”