இங்க யாரு இருக்கா?

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு வராது. இது என் நாத்தனாருக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுவிட்டாள் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

வெளியூர்க்காரர்களுக்கு நகரத்துப் பேட்டைகளைச் சுற்றிக் காட்டுவது அவள் தொழில். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய் இரண்டு வருடம் ஆகிறது. அவருக்குக் கால் மரத்தது என்றால் இவளுக்கு மனசு. அழுகையும் வராது, சிரிப்பும் வராது. காலையில் அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள். ஊர்க்கதையை வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அன்று வந்தது ஒரே ஒரு ஆள். சாம்பல் நிறக் கோட்டு. கேமரா இல்லை, பையும் இல்லை.

முதலில் துறைமுகப் பேட்டை. கலங்கரை விளக்கத்தைக் காட்டி, கப்பல் கம்பெனிகள் வாழ்ந்து கெட்ட கதையைச் சொன்னாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்வீட்டு மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க யாரு இருக்கா?"

"கயிறு வியாபாரி ஒருத்தர். கடையை மகன்கிட்ட விட்டுட்டாரு. தனியாத்தான் இருக்காரு."

தலையாட்டினான். அவ்வளவுதான்.

அச்சகத் தெருவுக்கு மரப்பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். பூனை நடந்தால்கூட முனகுகிற பலகை. க்ரீச்... க்ரீச்... அவள் காலடி மட்டும்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவன் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான்.

போன் அடித்தது. துறைமுகத்துப் பெட்டிக்கடைக்காரர்.

"நம்ம கயிறுக்காரர் போயிட்டாரும்மா. இப்பதான். ஜன்னல்கிட்டயே சாஞ்சுட்டாரு."

"அப்படியா" என்றாள். வயசான மனுஷன்தானே என்று போனை உள்ளே வைத்தாள்.

அச்சகத் தெருவில் அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஒரு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றிருந்தான்.

"இங்க யாரு இருக்கா?"

அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"தையல்காரம்மா. வெயில்ல வந்தா எனக்குத் தண்ணி குடுப்பாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடகட... கடகட... இருவரும் தெருமுனைக்கு வந்தார்கள்.

சத்தம் நின்றது.

நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தாள். காத்து நின்றாள். மிஷின் மறுபடி ஓடவில்லை.

கடைசியாக ஆற்றங்கரைப் பேட்டை. அவள் வீடு இருப்பது அங்கேதான். படகுத்துறையைக் காட்டக் கையை நீட்டினாள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். நாலாவது மாடி. திரை விலகிய ஜன்னல்.

"இங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"யாருமே இல்லயா?"

"காலி வீடு. ரொம்ப நாளா காலி."

அவள் சொல்லும்போதே, மேலே வீட்டுக்காரர் அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

அவன் தலையாட்டினான்.

கண் மூடித் திறந்தாள். ஆளைக் காணோம். உள்ளே லிஃப்ட் ஏறும் சத்தம்...

படியில் ஓடினாள். கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள்.

அவர் நாற்காலியில் இருந்தார்.

மூச்சு இருந்தது.

"எவனோ வந்தான்," என்றார். "யாரு வேணும்னு கேட்டேன். காதுலயே வாங்கல. என் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு பார்த்தான். 'ஆமா, காலிதான்'னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அவர் மடியில் முகம் புதைத்து அழுதாள். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் அழுகை. தையல்காரம்மாவின் செய்தி சாயங்காலம் வந்தது.

மறுநாள் மருந்துக்கடையில் நிற்கும்போது போன் வந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ். அவளிடமும் ஒரு சாவி உண்டு.

"அக்கா, எல்லா ரூமும் பார்த்துட்டேன். ஜன்னல்கிட்ட வெறும் நாற்காலிதான் இருக்கு. சாரை எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

போனில், நர்ஸின் குரலுக்குப் பின்னால், வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"இங்கதாம்மா இருக்கேன்... உன் எதிர்லதான் இருக்கேன்..."