உருளாத கல்

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில், ராகிக் கதிரைக் களத்தில் பரப்பி, மாடு பூட்டிய உருளைக் கல்லை அதன்மேல் ஓட்டித்தான் மணி உதிர்ப்பார்கள். கல் உருளும் கரகரப்பு வீட்டுக்குள் வரை கேட்கும். முதல் சுற்றுக்கு முன் அந்த வருஷம் வீட்டுக்கு வந்த மருமகள் கல்லுக்கு மஞ்சள் பொட்டு வைக்க வேண்டும். நான் சொல்லும் வருஷம் அது சித்தப்பாவுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த சின்னம்மா.

மாடுகள் நடந்தன. கல்லும் போனது, சத்தமில்லாமல். உச்சி வெயிலில் அந்த மஞ்சள் பொட்டு மேலேயே நின்றது. கல் உருளவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. பொட்டு எங்களைப் பார்த்தபடியே களத்தைச் சுற்றி வந்தது.

பண்ணையாள், பொட்டு வைத்த கை ராசியில்லை, கல்லைத் தொட மாட்டேன் என்று விலகிக்கொண்டார்.

"நாளைக்கும் உருளுலீன்னா, அந்தப் புள்ளைய அவங்கப்பனூட்டுக்கே அனுப்பிப்போடோணும்," என்றார் பெரியப்பா. சித்தப்பா மாடுகளை அவிழ்க்கப் போனார். அவருக்கு வாய் இருந்தது சாப்பிட மட்டும்தான்.

எனக்கு எட்டு வயது. வலிக்காமல் தலை வாரிவிடும் சின்னம்மா போய்விடக் கூடாது. முந்தின நாள் கல்லின் அச்சுக்கு விளக்கெண்ணெய் போடும் வேலை என்னுடையது. மிஞ்சியதை, இன்னும் நன்றாக உருளட்டும் என்று கல் முழுக்கவும் பூசியிருந்தேன். அது போதவில்லை போலிருக்கிறது என்று, ஆள் நெருங்காத அந்தக் களத்துக்கு மாலையில் ஒரு கிண்ணம் எண்ணெயோடு போனேன். கல் காய்ச்சல் கண்ட உடம்புபோலச் சுட்டது. பயத்தோடு தேய்த்தேன்.

மறுநாளும் கல் வழுக்கியே போனது; பொட்டு மேலிருந்து இம்மியும் அசையவில்லை.

மதியமே வண்டி கட்டினார்கள். சின்னம்மா என் கையைப் பிடித்தவள் சட்டென்று முகர்ந்தாள். கல்லுக்குப் பொட்டு வைத்த தன் மஞ்சள் விரலையும் முகர்ந்தாள்; இரண்டிலும் அதே விளக்கெண்ணெய் வாடை. பிறகு முந்தானையால் என் உள்ளங்கையை அழுத்தித் துடைத்தாள்.

"ஆருகிட்டயும் சொல்லாத சாமி."

அச்சு வழுக்க வேண்டும், கல்லோ தரையைப் பற்ற வேண்டும், பற்றினால்தான் உருளும் என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. சின்னம்மா திரும்பி வரவேயில்லை. அன்று, எண்ணெயை வீணாக்கியதற்கு அடி விழாமல் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கல் உருண்டதும் வந்துவிடுவாள் என்று, வண்டி மறையும்வரை சந்தோஷமாகக் கையாட்டினேன்.