நண்டை அழுத்திப் பார்த்த விரல்

போன மார்கழி மழையோடு எங்கள் மகள் ஷாலினிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் பிள்ளை வாடிய கீரைபோலக் கிடந்தாள். மூக்கால் இரத்தம் வந்தபோது டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, இன்றும் நாளையும் தாண்டினால்தான் எதுவும் சொல்லலாம் என்றார். சகோதரங்களே, வெளியே வந்து படியில் இருந்துவிட்டேன். செபிக்கப் பார்த்தேன். "ஆண்டவரே, பிள்ளை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

உள்ளே என் கணவரின் அக்கா, ரெஜினா மச்சாள், கட்டிலருகே நின்று செபித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் கொழும்புத்துறையில் மச்சாளின் செபத்தை அறியாதவர்கள் இல்லை. வாய் திறந்தால் வசனம் தானாகக் கொட்டும். பக்கத்துக் கட்டில்காரர்களும் எழும்பிக் கைகூப்பினார்கள்.

மறுநாள் இரத்தப் பரிசோதனை நல்லதாக வந்தது. பிள்ளை கஞ்சி கேட்டாள். ஆண்டவருக்கு நன்றி சொல்லவேண்டிய நேரம். ஆனால் வந்தவர் போனவர் எல்லாரும், ரெஜினாவின் செபம் கேட்கப்பட்டது என்றார்கள். என் கணவரும் அதையே சொன்னார். பெற்றவள் நான், அழுதவள் நான். ஞாயிற்றுக்கிழமை செபக் கூட்டத்தில், என் பிள்ளைக்கு நடந்ததை மச்சாள் எழும்பிச் சாட்சி சொன்னார். எல்லாரும் அல்லேலூயா சொல்ல, நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். ஆண்டவர்கூடக் குரல் பார்த்துத்தான் கேட்பாரோ என்று நினைத்தேன்.

அடுத்த நாள், கணவர் பிடித்த நண்டை விற்கக் கடற்கரைக் கொட்டிலுக்கு, வாடிக்குப் போனேன். நண்டு வாங்குகிற தம்பி ஒவ்வொன்றையும் புரட்டி, பெருவிரலால் வயிற்றை அழுத்திப் பார்த்துத்தான் தராசில் போடுவார். ஓடு பளபளத்த பெரிய நண்டொன்றை அழுத்தினார். விரல் அமிழ்ந்தது. பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு, உள்ளே சதையில்லை, வெறும் தண்ணீர். அதை ஒதுக்கிவிட்டு, விரல் அமிழாத, பாசி பிடித்த அழுக்கு நண்டொன்றைத் தராசில் வைத்தார். எனக்கு ஒரே சந்தோசம். பளபளப்பு மச்சாள், பாசி பிடித்தது நான். ஆண்டவரே எனக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று எண்ணினேன்.

அந்தச் சூட்டோடு மச்சாள் வீட்டுக்குப் போனேன். குத்திக் கதைக்கத்தான் போனேன். நண்டுக் கதையைச் சொன்னதும் மச்சாளுக்கு விளங்கிவிட்டது. கோபிக்கவில்லை.

"ஓம், நான் தண்ணி நண்டுதான். அண்டைக்கு எனக்கு நம்பிக்கையே இருக்கேல்லை. பிள்ளை போயிடும் எண்டுதான் நினைச்சனான். நீ படியிலை இருந்து அழுதது கேட்டது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் வாய் திறந்தனான்."

அன்று படியில் இருந்த எனக்குத் தெம்பு தந்தது, உள்ளேயிருந்து கேட்ட மச்சாளின் குரல்தான். அழுத்திப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்குள்ளும் தண்ணீர்தான். ஆண்டவருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் பிள்ளையைத் திருப்பித் தந்தார். அழுத்திப் பார்க்கிற விரல் அவருடையது. நான் கூடைக்குள் கிடந்துகொண்டு பக்கத்து நண்டை அழுத்தப் போனவள்.

மச்சாளின் குரலில் எனக்கு இன்னும் பொறாமை உண்டு, மறைக்கவில்லை. அதற்காகச் செபிக்கும்படி அவரிடமே கேட்டிருக்கிறேன். சகோதரங்களே, செபிக்கத் தெரியாது, விசுவாசம் போதாது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இருக்கிறதோடு கூப்பிடுங்கள். அன்று எங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றுமே இருக்கவில்லை. ஷாலினி இன்று காலை சப்பாத்துப் போடமாட்டேன் என்று சண்டை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.