ரயருக்குப் பூசிய விண்டர்கிறீன்

திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வாடகை வீட்டில் இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் நானும் அவரும் படுத்தோம். மற்றதில் நாலு கார் ரயர்கள் படுத்தன. அவற்றுக்கு வெயில் படக்கூடாது, காற்றுப் படக்கூடாது, அயலவரின் கண் படவே கூடாது. கலியாணம் முடித்து வந்த புதிதில் எனக்குக் கிடைத்த சீராட்டைவிட அந்த ரயர்களுக்குக் கிடைத்தது அதிகம். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் பொறாமைதான், வேறென்ன.

அவர் துறைமுகத்தில் மெக்கானிக். ஓய்வு நாட்களில் கோகார்ட் ஓட்டுவார். கூரையும் கதவும் இல்லாத, தரையோடு தரையாக ஓடுகிற சின்னப் பந்தயக் கார் அது. கொழும்பில் ஓடியதைப் பார்த்துவிட்டு வந்து, அவரும் கூட்டாளிமாரும் இரும்புக் குழாயை வளைத்து ஒட்டி ஆளுக்கொன்று செய்தார்கள். தண்ணீர்ப் பம்பின் எஞ்சினைப் பூட்டினார்கள். சீனன்குடாப் பக்கம் வெள்ளைக்காரர் போட்டுவிட்டுப் போன கொங்கிறீற் தரை ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் பந்தயம்.

எஞ்சினைச் சமாளிக்கலாம், ரயரைச் செய்ய ஏலாதே. அது எழுபதுகள். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். சாப்பிடுகிற பாணுக்கே வரிசையில் நின்ற எங்களுக்கு யார் பந்தய ரயர் இறக்கித் தரப்போகிறார்கள்? கொழும்பில் ஒரு பணக்காரப் பிள்ளை ஓட்டிச் சலித்து, கராச் மூலையில் வருசக்கணக்காகப் போட்டுவைத்த பழைய ரயர்கள்தான் இவருக்கு வாய்த்தன. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வளைந்தது. அப்படி இறுகிப்போன ரயர் தரையைப் பிடிக்காது. வளைவு வந்தால் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். ஓடிய பந்தயமெல்லாம் இவர் வளைவோரம் அடுக்கிய வைக்கோல் கட்டுகளுக்குள் போய்த்தான் முடித்தார். ஆட்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து என்னோடு எரிந்து விழுந்தார்.

பிறகு ஒரு கப்பல்காரன் இவருக்கு மருந்து சொல்லிக்கொடுத்தான். மண்ணெண்ணெய், பெயின்ற் தின்னர், அவற்றோடு தாராளமாக விண்டர்கிறீன் எண்ணெய். ஓம், முழங்கால் வலிக்குத் தேய்க்கிற அதே எண்ணெய்தான். மூன்றையும் கலந்து பிறஷால் ரயருக்குப் பூசி, பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி, இருட்டில் வைத்தால் றப்பர் மெல்ல மெல்ல இளகும். வைத்த இடத்திலேயே விட்டால் மருந்து கீழே தேங்கி, ஒரு பக்கம் மட்டும் களியாகிவிடும். அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிவிட வேண்டும். அவர் விடிய வேலைக்குப் போய்விடுவார். உருட்ட வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

நிலாவெளியில் இருந்த அக்காவைப் பார்க்கப் போக முடியாது. கோயிலுக்குப் போனால் பூசை முடியமுன் ஓடிவர வேண்டும். யன்னல் திறக்கக்கூடாது. தலை இடிக்கும், கண் எரியும், சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அந்த மணம். கைக்குழந்தைக்காரி கூட என்னைவிட நிம்மதியாக வெளியே போய்வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். ரயரை வைத்துக்கொண்டு எங்கே போவது?

இது போதாதென்று களவு வேறு. ரயருக்கு ஒன்றும் பூசக்கூடாதென்று பந்தயம் ஓடுகிறவர்களே கூடிச் சட்டம் போட்டிருந்தார்கள். இவரும் தலையாட்டிவிட்டு வந்தவர்தான். அதனால் எண்ணெய் வாங்குகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

“நான் போத்தல் போத்தலா வாங்கினால் சந்தேகப்படுவாங்கள். நீர் போம். கால்வலி எண்டு சொல்லும். ஆர் கேக்கப் போறான்?” என்றார்.

திருகோணமலையில் ஆர் கேட்கப் போகிறானாம்! இரண்டாம் முறை போனபோதே பார்மசிக்காரர் எட்டி என் கால்களைப் பார்த்தார். அடுத்த முறைக்குள் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகத் தெரிந்துவிட்டது. பூட்டிய யன்னலையும் மீறிப் போன மணம் மிச்சத்தைச் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா நொச்சியிலை அவித்துக் கொண்டுவந்து, என்னைக் கதிரையில் இருத்தி, முழங்காலுக்கு ஒத்தடம் பிடித்தார். என் காலில் ஒரு வருத்தமும் இல்லை. சூடு தாங்காமல் கத்தினேன்.

“பாத்தியே பிள்ளை, நோ எவ்வளவு உள்ளுக்க இறங்கியிருக்கு,” என்று அவர் கண்கலங்கினார்.

நல்ல மனுசி. அவரிடம் பொய் சொன்னதுதான் எனக்குப் பெரிய வதையாக இருந்தது. அதற்குப் பிறகு நான் வாசலில் கொஞ்சம் வேகமாக நடந்தாலே நாலு பேர் அதட்டி உள்ளே அனுப்பினார்கள். கிணற்றடியில் என் வாளியைப் பறித்துத் தாங்களே இறைத்தார்கள். இவர் என்னை ரயர் அறையோடு கட்டிப்போட்டிருந்தார். ஊர் அன்பாக வந்து அந்தக் கட்டை இன்னும் இறுக்கிவிட்டது.

அந்த நேரம்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் புடவைப் பகுதிக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினவள். துணி அளக்கவும் கணக்குப் பார்க்கவும் வரும். இதையெல்லாம்விட, காலையில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகலாம். பகல் முழுக்கக் காற்று, வெளிச்சம், ஆட்கள், கதை. அந்த வேலைக்கு ஏங்கியதுபோல் நான் வாழ்க்கையில் வேறு எதற்கும் ஏங்கவில்லை. கடை மனேச்சர் பக்கத்து வீட்டு அக்காவின் மைத்துனர். அக்கா எனக்காகக் கதைத்து எல்லாம் சரிவந்த நேரத்தில், என் கால் கதை மனேச்சர் காதுக்கும் போய்விட்டது. அங்கே நாள் முழுக்க நின்றுதான் வேலை செய்யவேண்டும்.

“ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்க்க வருவன். ஆள் நல்லா நிக்குதெண்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரட்டும்,” என்று அக்காவிடம் சொல்லியனுப்பினார்.

நிற்பதுதானே! எனக்குச் சிரிப்பு வந்தது. இவரிடம் சொன்னபோது இவரும் சிரித்தார். “நீர் பந்தயம் முடியுமட்டும் நிண்டு காட்டும்,” என்றார். ஞாயிறு காலை நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு, கூட்டாளிமாரின் லொறியில் காரோடு நானும் ஏறிப் போனேன்.

அந்த முறை ரயர்கள் அருமையாக இளகியிருந்தன. அழுத்தினால் நகம் பதிந்தது. மணம்தான் போகவில்லை. துடைத்தார், மண்ணில் உருட்டினார், மறுபடி துடைத்தார். ரயரைச் சோதிக்கிற பொறுப்பு பென்சன் எடுத்த ஒரு ஸ்ரேசன் மாஸ்டருக்கு. அவர் கார் காராகப் போய்க் குனிந்து, ஒவ்வொரு ரயரிலும் மூக்கை வைப்பார். அவர் எங்கள் பக்கம் வர இன்னும் இரண்டு கார்தான் இருந்தது. இவர் எங்கிருந்தோ ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். மற்றக் கையில் விண்டர்கிறீன் போத்தல்.

“இதைக் காலில பூசிக்கொண்டு காருக்குப் பக்கத்தில இரும். கெதியா.”

“மனேச்சர் வந்திட்டார். நான் நிக்க வேணும்,” என்றேன்.

“கொஞ்ச நேரம்தான். பிடிபட்டால் ஊரில தலை காட்ட ஏலாது. முடிய நானே அவரிட்ட உண்மையைச் சொல்லுறன். சத்தியமா.”

முகமெல்லாம் வேர்த்து, போத்தலை நீட்டிக்கொண்டு நின்றார். கட்டின புருசனை அவ்வளவு சனத்துக்கு முன்னால் கள்ளனாக்க எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தேன். சேலையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்து எண்ணெயைப் பூசினேன். கை எரிந்தது, முகம் அதைவிட எரிந்தது.

ஸ்ரேசன் மாஸ்டர் குனிந்தார். மூக்கைச் சுருக்கினார். நிமிர்ந்து, “என்ன இது மணக்குது?” என்று கேட்டார்.

“மனுசிக்குக் கால் ஏலாது ஐயா. பந்தயம் பாக்கவெண்டு ஆசைப்பட்டா, கொண்டுவந்து இருத்தியிருக்கிறன். நிக்கவே மாட்டா,” என்றார் இவர். கொஞ்சமும் தடுமாறாமல், ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

சனத்தைத் தடுத்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் மனேச்சர் நின்றார். அவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எழும்பு, எழும்பு என்று மனம் அடித்துக்கொண்டது. எழும்பினால் இவர் போச்சு, இருந்தால் நான் போச்சு. நான் இருந்தேன்.

கொடி விழுந்தது. எல்லாரும் கயிற்றடிக்கு ஓடினார்கள். நான் மட்டும் வெயிலில், கதிரையில். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இவர் தோற்றால் எல்லாம் சரிவரும். தோற்றவனின் ரயரைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? மனேச்சரிடம் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடலாம். பத்திரகாளி அம்மனை நினைத்தேன். தாயே, இவரை அந்த வைக்கோலுக்குள் கொண்டுபோய் விடு, பட்டுச் சாத்துகிறேன் என்று நேர்ந்தேன். புருசன் தோற்கவேண்டும் என்று நேர்ந்த பெண்சாதி அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கார் வளைவுக்கு வந்தது. அந்த வளைவில்தான் எப்போதும் வழுக்கும். ரயர் தரையை ஒட்டிப் பிடித்தது. நான் உருட்டி உருட்டி இளகவைத்த ரயர், ஒரு பக்கமும் களியாகாமல், எல்லாப் பக்கமும் ஒன்றுபோல. என் வேலையின் சுத்தத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன். மற்ற கார்கள் பின்னால் தங்கிவிட, இவர் தனியாக வந்து முதலாவதாக முடித்தார்.

ஓடிவந்து வெற்றிக் கப்பை என் மடியில் வைத்தார். சுற்றிவரச் சனம். நான் அவர் காதருகில், “இப்ப சொல்லுங்கோ. மனேச்சர் வாறார்,” என்றேன்.

“இப்ப எப்பிடிச் சொல்லுறது?” என்றார் மெதுவாக. “வெண்டிட்டனே.”

மனேச்சர் வந்தார். நான் எழும்பப் பார்க்க, இவர் கை என் தோளில் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

“எழும்பாதேங்கோ தங்கச்சி,” என்றார் மனேச்சர். “நான் வேற பிள்ளையைப் பாக்கிறன். நீங்கள் முதல்ல காலைக் கவனியுங்கோ.”

“ஓம் ஐயா,” என்றேன்.

பிறகு கூட்டாளிமார் வந்து காரைத் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். நடக்க எழும்பினேன், விடவில்லை. நாலு பேர் பிடித்து, மடியில் கப்போடு, கதிரையோடு என்னையும் தூக்கிக் காருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.