ஹைடெல்பெர்க்கில் நான் நின்ற இடம்

அக்கா மூன்று மாத விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கி, சூட்கேசைத் திறக்கும் முன்பே கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஹைடெல்பெர்க்கின் பழைய ஆற்றுப் பாலமும் கோட்டையும் பின்னால் தெரிய, தோல் ஜாக்கெட்டோடு நான் நிற்கும் படம். வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தொங்குகிறதாம். அதே இடத்தில் என்னோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். ஜெர்மனியில் வேறு எதையும் பார்க்க அவருக்கு ஆசையில்லை.

அந்தப் படம் எடுத்தபோது நான் ஹைடெல்பெர்க்கைக் கண்ணாலும் கண்டதில்லை. அகதி விண்ணப்பம் போட்டவன் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்றிருந்த காலம் அது. பீலெஃபெல்ட் பக்கத்துக் கிராமமொன்றில், மூடிப்போன ஒரு விடுதியில் எங்களை வைத்திருந்தார்கள். அதன் சாப்பாட்டு மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்க ஹைடெல்பெர்க்கின் படத்தை ஒட்டியிருந்தார்கள். ஆறு பேர் ஒரே ஜாக்கெட்டை மாற்றி மாற்றிப் போட்டு, அதன் முன்னால் நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பினோம். நல்ல சுகம் என்று கடிதத்தில் எழுதினால் மட்டும் யார் நம்பினார்கள்?

உண்மையை ரயிலில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வழியில் மூன்று தரம் மாறி ஏறினோம். ஒவ்வொன்றிலும், அடுத்த ரயிலில் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன்.

பாலத்தில் சுற்றுலாக் கூட்டம் தோளை இடித்தது. எல்லாரும் கோட்டையைப் பார்த்து வாயைப் பிளக்க, அக்கா மட்டும் கைத்தொலைபேசியையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இல்லையடா தம்பி. படத்தில பாலம் கீழயெல்லோ கிடக்கு."

படம் அக்கரை மலையிலிருந்து எடுத்தது என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது. அங்கே போக, இரண்டு மதில்களுக்கு நடுவே செங்குத்தான கற்படிப் பாதை. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. உங்களுக்கு ஏலாது, விடுங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ எந்த இடத்தில் நின்றாய் என்று துருவுவார். அதற்குப் பயந்து, கைத்தாங்கலாகப் பிடித்து அவரை ஏற்றினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

பாதி வழியில் அவர் படியிலேயே குந்திவிட்டார். முழங்காலை அழுத்திப் பிடித்தபடி, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லத் தொடங்கியவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விடுதியை, சுவரை, இரவல் ஜாக்கெட்டை, அனுமதிக் கடிதமில்லாமல் அடுத்த மாவட்டத்துக்குப் போய்ப் பொலிஸில் பிடிபட்டதை, இரண்டு வருடம் வேலை செய்ய விடாததால் படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்ததை.

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு ஜெர்மன் தம்பதி உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர்கள் போன பிறகு அக்கா சொன்னார்.

"சண்டை நேரம் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லேக்க எல்லாற்றை பேரையும் சொல்லி மன்றாடினனான். உன்ரை பேரை மட்டும் சொல்லேல்லை. படத்தைப் பாத்திட்டு, இவனுக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு விட்டிட்டன்."

மேலே ஏற்ற நான் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. பக்கத்தில் நானும் அந்தப் படியில் இருந்துவிட்டேன்.