மழைக்கு ஒதுங்க முடியாத வீடு

மாமா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கண்டிச் சீமையில் கோப்பி, நம் ஊர்ப் பேச்சில் காப்பி, பழுக்கும் காலத்தில் வேலைக்குப் போனால் சம்பளம் உயர்வு என்றார், உயர்வுதான். தங்க வீடு உண்டு, வாடகை கிடையாது என்றார், அதுவும் உண்மைதான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

அவர் அம்மாவின் தம்பி. முந்தைய வருஷம் இலங்கைக்குப் போய்விட்டு, எந்த வெள்ளைக்காரனோ போட்டுக் கழித்த கம்பளிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ராமநாதபுரத்துப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு வந்திருந்தார். சித்திரை வெயிலில் அந்தக் கோட்டோடு வேர்த்துக் கொட்ட உட்கார்ந்து, "அக்கா, கோப்பி முடியிற வரைக்கும் ராஜ வாழ்க்கை. அப்புறம் திரும்பி வந்துறலாம்" என்றார். மழையைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்று கிடந்த ஊர் எங்களுடையது. கோப்பிக் காலத்துக்குச் சரியாக, அப்பா, அம்மா, அம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை, ஏழு வயது நான், எல்லோரும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் கடலைத் தாண்டி, காட்டைத் தாண்டி நடந்தோம்.

கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி அக்குறணைக்குப் போகிற பாதையோரம் ஒரு பள்ளத்தில் இருந்தது எங்கள் வீடு. அக்குறணை முதலாளி ஒருவர் ஊர்த் தோட்டங்களில் கோப்பி வாங்கி, அங்கே காயவைத்து, மாட்டு வண்டியில் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நீளமான கூரை, அதன் முன்னால் சக்கரம் வைத்த பெரிய மரத்தட்டுகள் வெயிலில் நின்றன. தட்டு நிறையக் கோப்பிக் கொட்டை. முதலாளி கூரையைக் காட்டினார்.

"இதுதான் வீடு தங்கச்சி. சாமான வச்சிக்கொள்ளுங்க. பகல்ல மழ வந்தா மட்டும் வெளிய போகணும்."

"மழை வந்தா உள்ளதானே வரணும்?" என்றாள் அம்மா.

"ஒங்களுக்கு அப்பிடி. கோப்பிக்கும் அப்பிடித்தான்" என்றார் முதலாளி.

அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா கோட்டில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இரவில் தொல்லை இல்லை. கோப்பியை அள்ளி மூட்டையாக்கிக் கல் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், கூரை எங்களுக்கு. பகலில் மழை வந்தால்தான் கூத்து. அப்பாவும் மற்ற ஆட்களும் தட்டுகளை உள்ளே தள்ளுவார்கள். அம்மா பாதி வெந்த சோற்றுப் பானையோடு வெளியே ஓடுவாள். பாயும் சட்டியும் என் தலையில். வாசலில் நாங்களும் கோப்பியும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொள்வோம். பிறகு பலா மரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்று, எங்கள் வீட்டில் கோப்பி சௌகரியமாகப் படுத்திருப்பதைப் பார்ப்போம். "வேலியில போன ஓணானை வேட்டியில விட்டுக்கிட்ட கதையா இருக்கு" என்று அப்பா முனகாத மழை கிடையாது.

அப்பாவின் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளத்தில் நின்றால் வானம் முறம் அளவுதான் தெரியும். மேலே பாறையில் ஒருவன் உட்கார்ந்து கிழக்கு மலையைப் பார்த்து, மழை கிளம்பியதும் தாம்பாளத்தைத் தட்டவேண்டும். அந்த உத்தியோகம் மாமாவுடையது. முதுகு ஒடியக் கோப்பி கிளறுகிற அப்பாவைவிட, சும்மா வானத்தைப் பார்க்கிற மாமாவுக்குச் சம்பளம் அதிகம்.

சும்மா பார்க்கிறேன் என்று மாமா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மழையை மூக்கால் பிடிப்பதாகச் சொல்லுவார். எழுந்து நின்று, கண்ணை மூடி, காற்றை நாலு முறை உறிஞ்சி, பிறகுதான் தாம்பாளம். ஒரு தடவையும் தப்பியதில்லை. முதலாளி அந்த மூக்குக்காகத் தனியாகக் கருவாடு கொடுத்தனுப்புவார். கல்யாணத்துக்கு நாள் பார்த்த அக்கம்பக்கத்தார்கூட மாமாவிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அம்மா மட்டும், "பக்கத்து வீட்டு மீன் கொழம்புக்கே தப்பாத மூக்கு, மழைக்கா தப்பும்?" என்பாள். இருவரும் ஒருநாளும் நல்லபடியாகப் பேசி நான் கேட்டதில்லை. மழை நின்று உள்ளே வரும்போதெல்லாம் அம்மா ஈரச் சேலையைப் பிழிந்தபடி அவரைத் திட்டுவாள். அவளுடைய வயிறு பெரிதாகப் பெரிதாகத் திட்டும் பெரிதாயிற்று. மாமா கோட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மத்தியானம், உச்சி வெயிலில், அம்மாவுக்கு வலி கண்டது. கோப்பி பொறுக்கும் பெண்கள் கூரையின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்தார்கள். அப்பா மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினார். மாமாவிடம் சொல்ல என்னைப் பாறைக்கு அனுப்பினார்கள்.

நான் சொன்னதும் மாமா எழுந்து நின்றார். கிழக்கே பார்த்தார். நானும் பார்த்தேன். மலை கறுத்துக்கொண்டு வந்தது. மூக்கே தேவையில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"மாமா, மழை!"

மாமா தாம்பாளத்தை எடுத்தார். தட்டவில்லை. பாறைமேல் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். முகத்தை மேற்கே திருப்பி, "மழையா? வெயில் கண்ணக் குத்துது பாரு" என்றார்.

நான் கீழே பார்த்துக் கத்த வாயைத் திறந்தேன். கோட்டுப் பையிலிருந்து பெரிய கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்து என் வாயில் திணித்துவிட்டார். கடிக்கவும் முடியாது, துப்பவும் மனம் வராது. ஒரு சொட்டு அவர் மூக்கு நுனியில் விழுந்தது. நான் விரலால் காட்டினேன். "அது வேர்வை" என்றார்.

அப்புறம் கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை. தட்டுகளில் கோப்பி மிதந்தது. ஆட்கள் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அதற்குள் வந்து சேர்ந்து, சேலைக்கு வெளியே அகப்பையோடு நின்ற மருத்துவச்சி, "ஒருத்தன் கால வச்சிப் பாரு!" என்றாள். நனைந்த கோப்பியை உள்ளே கொண்டுபோய்த்தான் என்ன ஆகப்போகிறது என்று அவர்களும் நின்றுவிட்டார்கள். குடையோடு ஓடிவந்த முதலாளி காற்றில் குடையையும் பறிகொடுத்துப் பாறையடியில் நின்று கத்தினார்.

"எங்கடா போன ஒன்ட மூக்கு?"

"சளி புடிச்சிருக்கு முதலாளி" என்றார் மாமா. தாம்பாளத்தைவிட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை.

அப்போது கூரைக்குள்ளிருந்து குழந்தை அழுதது. முதலாளி அந்தப் பக்கம் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அவர் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்பதையும் பார்த்தார். முகத்து மழையை வழித்துவிட்டு, "நாப்பது நாள் போகும்வர தங்கச்சி உள்ளயே ஈக்கட்டும். கோப்பிக்கு நான் வேற எடம் பாக்கிறன். ஆனா இந்த மூக்கன் இனி என்ட கண்ணுல படப்படாது" என்றார்.

வேலை போயிற்று. அவ்வளவு நல்ல சம்பளம்! எனக்கு மாமாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை நாள் தப்பாத மூக்கு, வீட்டில் பிள்ளை பிறக்கிற நாளிலா தப்பவேண்டும்? மாமா என்னோடு கீழே இறங்கி, கோட்டைக் கழற்றி மறைப்புச் சேலைக்கு அடியில் உள்ளே தள்ளினார். "புள்ளைக்கு. உள்பக்கம் நனையல" என்றார். பிறகு வெறும் உடம்போடு, மழையில், மாத்தளைப் பாதையில் வேறு வேலை தேடி நடந்தார்.

அம்மா அன்று அவரைத் திட்டவில்லை. அந்தக் கோட்டுக்குள் குழந்தையைச் சுற்றி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வேலை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவச்சி குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, யார் ஜாடை என்று கேட்டாள்.

"மூக்கப் பாருங்க" என்றாள் அம்மா. "அப்படியே எந் தம்பி."

வாயில் மிச்சமிருந்த கருப்பட்டியை அவசரமாக விழுங்கிவிட்டு, என் தம்பிக்கு வேறு எது வந்தாலும் வரட்டும், சமயத்தில் கைவிடுகிற அந்த மூக்கு மட்டும் வந்துவிடக்கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன்.