வழியவிட்ட பால்

ஐசலின் என்ற அமெரிக்க ஊரின் இந்தியக் கடைத்தெருவை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால், வீடுபோல் அமைந்த என் மோட்டார் ஹோம் வண்டி உள்ளெல்லாம் கருகி நின்றது. பழைய வண்டி. இரண்டு மாதமாகக் கூரை ஒழுகலை அடைத்து, தரைப் பலகை மாற்றி, குழாய்களைச் சரிசெய்திருந்தேன். காலி பண்ணு என்று யாரும் சொல்ல முடியாத வீடு வேண்டுமென்றுதான் அதை வாங்கினேன்.

சட்டையில் தீய்ந்த பால் வாடை. ஈரோட்டில் நாங்கள் குடிபோன வீடுகளிலெல்லாம் முதல் நாள் இதே வாடைதான். அப்பாவுக்கு எந்த மில்லிலும் வேலை நிலைக்காது, எங்களுக்கு எந்த வீடும் நிலைக்காது. சாமான் இறக்கும் முன்பே அம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்து, பால் பொங்கி வழியும்வரை நிற்பாள்.

“போதும் புள்ள, அடுத்த ஊட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வை” என்பார் அப்பா.

“வழியாம எறக்குனா அது ஊடாகுமாங்க?” என்பாள் அம்மா.

அன்று காலை, குடிபுகும் நாளென்று, வண்டிக்குள் நானும் பாலை வழியவிட்டேன். அது கேஸ் அடுப்பை அணைத்தது தெரியாமல் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஊதுபத்திக்குத் தீக்குச்சி கிழித்தேன். பரவியிருந்த கேஸ் குப்பென்று பிடித்தது. எனக்குப் புருவம் போனதோடு சரி. திரைச்சீலை, மெத்தை, கூரை எதுவும் மிஞ்சவில்லை.

மறுநாள் காலை ஓர் இனிப்புக் கடையில் வேலை கேட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன தம்பி, அடுப்புக்கும் உனக்கும் ஆகாதா?”

“ஆகும் அங்கிள்.”

பால்கோவா அடுப்பின் முன் நிறுத்தி, கரண்டியைக் கையில் கொடுத்தார்.

“கிண்டிட்டே இரு. ஒரு சொட்டு வழியக்கூடாது.”

சாயங்காலம்வரை ஒரு சொட்டும் வழியவிடவில்லை.